சத்தியக்கடதாசியின் முதலாம் பந்தி

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. எங்கள் குடும்பக் காணிப் பிரிவினை வழக்குக்காக யாழ்ப்பாணத்து நீதிமன்ற விறாந்தையில் குந்திக்கொண்டிருந்தேன். (அந்த வழக்கைப் பற்றி எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. ஆகவே அது வேண்டாம்.) பக்கத்து வாங்கில் இருந்த ஒரு மனுசி, கறுப்புக் கோட்டுப் போட்ட இளம் சட்டத்தரணிப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"பிள்ளை, நான் எங்கை இருக்கிறன் எண்டதைச் சொல்லாமல் இந்த வழக்கைப் பேசேலாதோ?"

சட்டத்தரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுசிக்கு வரவில்லை. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். கடவுளே, ஒரு ஆள் இப்படியும் பயப்படுமோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனார்கள். என் வழக்குக்கு வேறொரு நாளுக்குத் தவணை போட்டார்கள், நான் வீட்டுக்குப் போனேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பெயர், ஊர், புருசன், வீடு எல்லாம் நான் கட்டியவை. பயம் மட்டும் அவளுடையது.

2

முதல் தொடக்கம்: "புங்குடுதீவின் ஆளரவமற்ற தெருக்களில் காலைக் கடற்காற்று..."

வேண்டாம். காற்று வீசாமல் தொடங்குகிற தீவுக்கதை ஒன்றாவது இருக்கட்டும்.

இரண்டாவது: "அரசாங்கம் சறோஜினிதேவியைப் பணக்காரி என்று தீர்மானித்த நாளன்று அவள் குசினியில் இருந்த கடைசி..."

கெட்டித்தனம் காட்டுகிற வசனம். எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். திரும்பி வந்து வாசித்தால் அதில் பயமே இல்லை. வெட்டினேன்.

மூன்றாவது தொடக்கத்தை நீதிமன்றத்திடமே வாங்கினேன். சத்தியக்கடதாசி என்றால் நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கிற சத்தியம். அதன் முதலாம் பந்தி, அதாவது முதற்பத்தி, ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"புங்குடுதீவு, ........................ என்னும் முகவரியில் வசிக்கும் செல்வரத்தினம் சறோஜினிதேவி ஆகிய நான், இந்து சமயத்தவர் என்ற வகையில், பயபக்தியுடனும் உண்மையுடனும் உறுதிப்படுத்திக் கூறுவதாவது:"

பாருங்கள், பெயருக்கு முன்பே முகவரி வந்துவிட்டது. நீ யார் என்று கேட்பதற்கு முதல் எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அந்தப் புள்ளிக்கோட்டில் என் பேனா நின்றது. அவளும் அங்கேதான் நின்றிருப்பாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஊரின் பெயரை ஒளிக்கவில்லையே என்று கேட்பீர்கள். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் இந்தக் கதையின் வீடு எது என்று தேடப் புறப்பட்டால் உங்களுக்குக் கால்தான் நோகும். அந்தத் தைரியம்.)

3

சரி, சொல்லிவிடுகிறேன். சறோஜினிதேவியும் புருசன் செல்வரத்தினமும் இருப்பது அரியநாயகத்தின் வீட்டில். அவருடைய தகப்பன் தெற்கே மாத்தறையில் கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டியது. இப்போது குடும்பம் முழுக்கக் கனடாவில். மாபிள் நிலம், தேக்குக் கதிரைகள், கண்ணாடி அலுமாரி நிறையப் பீங்கான், மேல்மாடி. ஆளில்லாத வீடு பாழாய்ப் போகும் என்று இவர்களை இருத்தியிருக்கிறார். இருப்பது என்றால் பின்பக்கத்து அறையிலும் சமைக்கிற குசினியிலும் மட்டும். முன்பக்கத்துப் பூட்டின் திறப்பு அவளிடம் இருக்கிறது. கூட்டித் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிட வேண்டும். இது வாய்ப்பேச்சு, எழுத்தில் ஒன்றும் இல்லை.

அவர்களுடைய சொந்த வீடு தீவின் மற்றக் கரையில் இருக்கிறது. சண்டைக் காலத்தில் கூரை போய், சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அடையாள அட்டையில் இன்னும் அந்த விலாசம்தான்.

செல்வரத்தினத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். அரசாங்கத்தின் நிவாரணக் கொடுப்பனவில்தான் அந்த ஓட்டம் ஓடியது. அது நின்றால் போக ஏலாது. போகாவிட்டால் என்ன நடக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அது நின்றுவிட்டது.

4

ஏன் நின்றது என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன.

கொடுப்பனவு பெறுகிறவர்களின் நிலைமையைப் பார்த்து வரும்படி பிரதேச செயலகம் நிரோஜன் என்ற உத்தியோகத்தரை அனுப்பியது. கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றதும் சறோஜினிதேவி என்ன செய்தாள்? நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். ஓடிப்போய் முன்கதவைத் திறந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். தேக்குக் கதிரையை முந்தானையால் துடைத்தாள். பிறகு அந்தச் சேலையையே மாற்றி நல்ல சேலை உடுத்தாள்.

"என்னப்பா, உங்கையோ இருத்தப் போறீர்?" செல்வரத்தினம் பின்னாலிருந்து கேட்டார்.

"பின்னை? வீட்டுக்கு வந்த மனுசரைக் குசினிக்குள்ளாலை கூட்டிக்கொண்டு வந்து பாயிலை இருத்துறதோ? அந்தளவுக்கோ கெட்டுப்போனம்? நீங்களும் ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

நிரோஜன் வந்தான், இருந்தான், பூப்போட்ட கிளாசில் சோடா குடித்தான். கேட்டதற்கெல்லாம் அவள் உண்மையைத்தான் சொன்னாள். வருமானம் இல்லை, வீடு எங்களுடையது இல்லை, பார்த்துக்கொள்ளுகிறோம். அவன் தலையை ஆட்டினான்.

"ஐயாவும் அம்மாவும் அந்தக் கதிரையளிலை ஒருக்கா இருங்கோ. படம் ஒண்டு வேணும்."

இருந்தார்கள். படம் எடுக்கிறான் என்று சிரிக்கவும் சிரித்தார்கள். அவள் சொன்ன எதுவும் அவனுடைய அறிக்கையில் ஏறவில்லை, படம் ஏறியது.

(நிரோஜனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். சோடாவில் பாதியை வைத்துவிட்டுப் போனான் என்று எழுதினேன். சரிவரவில்லை. வெயிலுக்குள் வீடு வீடாக அலைகிறவன், தாகம், முழுக்கக் குடித்திருப்பான்.)

5

காதுத்தோட்டை அடகு வைத்து ஆஸ்பத்திரி ஓட்டத்தை இழுத்துக்கொண்டு மேன்முறையீடு செய்தாள். "வீட்டு வசதியின் அடிப்படையில் தகுதியற்றவர்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதற்கு மேலே இன்னொரு மேன்முறையீடு. அதற்கும் அதே வரி. பிறகு இலவசச் சட்ட உதவியில் பிரியவதனி கிடைத்தாள். நான் விறாந்தையில் கண்ட கறுப்புக் கோட்டுக்கு வைத்த பெயர் இது.

"இனி எழுத்தாணை மனுத்தான் அம்மா," என்றாள் பிரியவதனி. "அவையின்ரை முடிவு பிழையெண்டு கோட்டிலை நீதிபதி ரத்துச் செய்ய வேணும்."

(சட்டம் படித்த நண்பர் ஒருவர் இந்த இடத்தை வாசித்துவிட்டு, "இது கொழும்பிலை போட வேண்டிய மனுவடாப்பா," என்றார். இருக்கலாம். கொழும்புக்கு அலைந்தால் செல்வரத்தினம் வழியிலேயே முடிந்துபோவார். நான் யாழ்ப்பாணத்திலேயே வைத்திருக்கிறேன்.)

முதலாம் பந்திக்கு விலாசம் கேட்டபோது சறோஜினிதேவி அடையாள அட்டையை நீட்டினாள். பிரியவதனி அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள். கூரையில்லாத வீடு சத்தியத்தில் ஏறியது. சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்தபோது சறோஜினிதேவிக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அரியண்ணையின் வீட்டை இதற்குள் இழுக்காமல் தப்பிவிட்டோம் என்று நினைத்தாள், பாவம்.

அடுத்த தவணையில் அரச சட்டவாதி ஆட்சேபனை தாக்கல் செய்தார். அதோடு அந்தப் படம். அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் கூரையில்லாத வீட்டில் வசிப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். இந்தப் படத்தில் மாபிள் மண்டபத்தில் இருந்து சிரிப்பவரும் அவரே. எழுத்தாணை கேட்டு வருபவர் உண்மையை மறைக்கக் கூடாது. மறைத்திருந்தால், வழக்கின் உள்ளே போகாமலே தள்ளுபடி செய்யலாம்."

வெளியே வந்ததும் சறோஜினிதேவி பிரியவதனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, என்னைப் பிடிச்சு மறியலிலை போட்டிடுவினமோ?"

"ஐயோ இல்லையம்மா. மறுமொழிச் சத்தியக்கடதாசி ஒண்டு போடுவம். நடந்ததை அப்பிடியே சொல்லுவம். இன்னாற்றை வீட்டிலை, அவர் இருக்கச் சொல்லி இருக்கிறன், பின்னறை மட்டும்தான் எங்களுக்கு. அவரிட்டை ஒரு கடிதமும் வாங்கினீங்களெண்டால் சோலி முடிஞ்சுது."

சோலி முடிஞ்சுதாம்! படித்த பிள்ளைகளுக்கு எல்லாம் லேசு.

6

ஊர் வட்ஸ்அப் குழுவுக்குள் விசயம் அவள் வீட்டுக்கு வர முதலே போய்விட்டது. போகிற வழியில் உருமாறியும் போயிருந்தது: அரியநாயகத்தின் வீட்டுக்குச் சறோ வழக்குப் போட்டிருக்கிறாளாம்.

போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

"சறோ, சுகமா இருக்கிறீரோ?"

"ஓம் அரியண்ணை. வீடெல்லாம் நல்லாக் கிடக்கு. கிணறும் இறைச்சு..."

"வீட்டைப் பற்றித்தான் கேக்கிறன். வழக்குப் போட்டிருக்கிறீராம்?"

அவள் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

"ஐயோ அண்ணை, அது வீட்டுக்கில்லை. இவற்றை கொடுப்பனவுக்கு. நயினை அம்மாளாணை சத்தியமா."

"உம்மை நான் நம்புறன். நம்பாட்டில் திறப்பைத் தருவனோ? ஆனால் கேளும். எங்கடை சித்தப்பாவும் இப்பிடித்தான் இரக்கப்பட்டு ஒருத்தரை இருத்தி, அவங்கள் நீட்டின கடதாசியிலை கையெழுத்தும் வைச்சவர். பத்து வருசம் இருந்திட்டம், ஆட்சியுரிமை எங்களுக்கெண்டு கோட்டிலை சொல்லி அவங்கள் காணியை எழுதிவிச்சுப்போட்டாங்கள். என்ரை வீட்டிலை இருக்கிறன் எண்டு அங்கை ஒரு சொல் வரக்கூடாது."

"அண்ணை, நீங்கள்தான் இருக்கச் சொன்னதெண்டு ஒரு கடிதம் தந்தால்..."

"கடிதமோ? கையெழுத்து வைச்சுத்தானே சித்தப்பா கெட்டவர்! வேண்டாம் சறோ. சொன்னீரெண்டால், அண்டைக்கே திறப்பைக் கோயில் குருக்களையா வீட்டிலை குடுத்திட்டு வெளிக்கிடும். கோவிக்காதையும், என்ன?"

கோபிக்கவில்லை. கோபிக்கிறதற்கு ஒரு திடம் வேண்டுமே. அந்தப் படம் அவருடைய கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் அப்போது அவளுடைய மண்டைக்குள் ஓடியது. அவருடைய தகப்பன் இருந்த கதிரையில் செல்வரத்தினம் இருந்து சிரிக்கிறார்.

7

அரியநாயகத்தின் விரலில் ஒரு தடித்த மோதிரம் போட்டிருந்தேன். கழற்றிவிட்டேன்.

அவரைப் பொல்லாதவராக எழுத ஏலவில்லை. பனிக்குள் இரண்டு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்த மனுசன். அந்தப் பிள்ளைகள் இங்கே வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். அந்த வீடும் போனால் தான் எந்த ஊரான் என்று சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை. அவருடைய பயமும் பயம்தான்.

ஆனால் ஒருவருடைய பயத்துக்காக இன்னொருவருடைய புருசன் சாகிறதோ? இதை எழுதும்போது எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

இதிலுள்ள பகிடியைப் பிரியவதனிதான் சொன்னாள்: "அனுமதியோடை இருக்கிறவைக்கு ஆட்சியுரிமை வராதம்மா. அவர் இருக்கச் சொல்லித்தான் இருக்கிறன் எண்டு நீங்கள் கோட்டிலை சொன்னால், அவற்றை வீடு இன்னும் பத்திரம். அவருக்குத்தான் அது நல்லது."

சறோஜினிதேவி அதை நாலைந்து தரம் சொல்லிப் பழகி, அரியநாயகத்துக்குக் குரற்பதிவாக அனுப்பினாள். நடுவில் சேவல் ஒன்று கூவிவிட்டது. திரும்பவும் பேசி அனுப்பினாள். இரண்டு சரிகளும் நீலமாகின. கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் போனைப் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தாள். அடித்துவிடுமோ என்றும் பயம், அடிக்காதோ என்றும் பயம்.

8

(இந்தப் பகுதியில் அவள் கோயிலுக்குப் போய் அழுதாள். எடுத்துவிட்டேன். அழுகிறதற்கு அவளுக்கு நேரம் எங்கே?)

9

ஆஸ்பத்திரியால் திரும்பும் நாள். பஸ் வேலணை தாண்டிப் பாலத்தில் ஏறியது. செல்வரத்தினம் களைத்துப்போய் யன்னலோடு சாய்ந்திருந்தார். கைமடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இஞ்சாரும், விடுமப்பா இந்த வழக்கை."

"பேசாமல் வாங்கோ."

"சொல்லுறதைக் கேளும். வீடாவது மிஞ்சட்டும். நான் போனாப்பிறகு நீர் எங்கை இருக்கிறது? அந்தச் சுவருக்கையோ?"

"வாயைப் பொத்துங்கோ எண்டு சொன்னன்."

"அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை கேள்விப்பட்டிருக்கிறீரே?" அவர் சிரித்தார். சிரிக்கிறதற்கே மூச்சு வாங்கியது.

"நான் புருசனுக்காகத்தான் அரசனிட்டைப் போறன்!"

முன்சீற்றுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டாள். பிறகு வெட்கமாகிவிட்டது. அவருடைய கையிலிருந்த பஞ்சு விழுந்துவிடாமல் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்குள் இரத்தம் ஓடுகிற அதிர்வு தெரிந்தது. அது நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாக அவள் முழுசாக நினைத்தாள். ஊர் வரும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

(இங்கே "இருதலைக்கொள்ளி எறும்பு" என்று எழுத வந்தது. வெட்டினேன். எறும்புக்கு ஆஸ்பத்திரித் தவணை இல்லை.)

10

தவணை நாள். மறுமொழிச் சத்தியக்கடதாசி எல்லாப் பந்தியும் எழுதித் தயாராக இருந்தது, முதலாவதைத் தவிர. "நீங்கள் சொன்னால்தான் நிரப்புவன் அம்மா. உங்கடை சத்தியம் இது," என்று பிரியவதனி சொல்லியிருந்தாள். வழக்கு இலக்கத்தை வாசித்துக் கூப்பிட்டார்கள்.

(எழுத்தாணை வழக்கில் இப்படி மனுதாரரை எழுப்பிக் கேள்வி கேட்பது வழமையில்லை, எல்லாம் கடதாசியிலேயே நடக்கும் என்று அந்த நண்பர் திரும்பவும் வந்து சொன்னார். என் கதையில் நீதிபதி கேட்கிறார். அவருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து ஏதோ ஒரு யோசனை.)

"அம்மா, பயப்பிடாமல் சொல்லுங்கோ," என்றார் நீதிபதி. "நீங்கள் இப்ப உண்மையிலை எங்கை இருக்கிறீங்கள்?"

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) உண்மையைச் சொல்கிறாள். பிரதேச செயலகத்தின் முடிவு ரத்தாகிறது, கொடுப்பனவு திரும்ப வருகிறது. அன்றைக்கே திறப்பு குருக்களையா வீட்டுக்குப் போகிறது. கூரையில்லாத சுவர்களுக்குள் தறப்பாள் கட்டிக் கட்டிலைப் போடுகிறார்கள். மாரி தொடங்குகிறது. இந்த நோயாளிக்கு ஈரமும் கிருமியும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில்

(ஆ) அடையாள அட்டை விலாசத்தையே திரும்பச் சொல்கிறாள். மனு தள்ளுபடி. வீடு மிஞ்சுகிறது. முன்மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறாள். பின்னறையில் செல்வரத்தினத்தின் கால்கள் வீங்கத் தொடங்கு

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

(இ) நீதிபதி இரக்கப்பட்டு அரியநாயகத்தைக் காணொளியில் அழைக்கிறார். அவர் கண்கலங்குகிறார். அரச சட்டவாதியும் கண்கலங்குகிறார். இதை எழுதி முடித்தபோது எனக்கே சந்தோசம். காலையில் வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

11

அவள் இன்னும் நிற்கிறாள். கேள்வி கேட்டாயிற்று. கூண்டு விளிம்பைப் பிடித்திருக்கிறாள். நீதிபதி பொறுத்துக்கொண்டிருக்கிறார், எவ்வளவு நேரம் பொறுப்பார் என்று தெரியாது.

உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அவளுடைய போனைச் செல்வரத்தினம் வைத்துக்கொண்டு வெளி வாங்கில் இருக்கிறார். அது இப்போது அடிக்கிறது. வெளிநாட்டு இலக்கம். மனுசனுக்கு அதைக் கையில் வைத்திருக்கவே பயம். அடித்து நிற்கட்டும் என்று பார்க்கிறார். நிற்கவில்லை.

முடிவு எழுதுகிறவன் நான் அல்ல. வாசித்துக்கொண்டிருக்கிற உங்களில் ஒருவருக்குத் தீவுப்பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதில் ஒரு குடும்பத்தை வாய்ப்பேச்சில் இருத்தியிருக்கிறீர்கள். நல்ல சனம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பயம். நீங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம், நானும் கேட்கவில்லை. இந்த அழைப்பு உங்களுடையது. செல்வரத்தினம் எடுத்துவிட்டார்.

"ஹலோ... ஓம், நான் செல்வரத்தினம். அவ உள்ளுக்கை நிக்கிறா. எங்கை இருக்கிறியள் எண்டு நீதிபதி கேட்டிட்டார், இன்னும் வாய் திறக்கேல்லை. கதவு திறந்துதான் கிடக்கு, நான் கையைக் காட்டினால் சட்டத்தரணிப் பிள்ளை ஓடி வரும்... கேக்குதோ அண்ணை? அவவை என்னெண்டு சொல்லச் சொல்லுறியள்?"